அப்பாவின் ‘ஆகவே’

அப்பாவின் பேச்சில் ‘ஆகவே’ வந்துவிட்டால் யாரோ மாட்டிக்கொண்டார்கள் என்று அர்த்தம். நீலகிரி மலையில், அருவங்காட்டுத் தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸில் அவரை மூளைக்காரர் என்பார்கள். ஆபீஸில் குமாஸ்தா, வீட்டில் போலீஸ், வக்கீல், நீதிபதி எல்லாம் அவரே.

பச்சைத் தேயிலை விலை விழுந்து கிடந்த நேரம். பக்கத்து ஜெகதளா கிராமத்திலிருந்து ஓர் அக்கா எங்கள் வீட்டு வேலைக்கு வந்துகொண்டிருந்தார். சொந்தமாகக் கொஞ்சம் தோட்டம் உண்டு. பறித்துப் போட்டால் கைக்காசுதான் கரைகிறது என்று செடியை அப்படியே விட்டுவிட்டார். திருப்பூருக்குப் போன புருஷன் போனவர்தான். எங்கள் வீட்டுச் சம்பளத்தில்தான் அவர் பிள்ளைகளுக்குச் சோறு.

ஒரு நாள் அம்மாவின் வெள்ளிக் குங்குமச் சிமிழைக் காணவில்லை. அப்பா தேடவில்லை, யோசித்தார். தேடுவதெல்லாம் மூளை இல்லாதவர்கள் வேலையாம். அக்காவைக் கூப்பிட்டுக் கையை நீட்டச் சொன்னார். விரல் நுனிகள் கறுத்திருந்தன, தேயிலைக் கொழுந்து பறிக்கிறவர்களுக்குக் கறுத்திருக்குமே, அப்படி.

பறிப்பதை விட்டுவிட்டேன் என்றவள் விரலில் கறை. ஆகவே சொன்னது பொய். அவள் செடியோ வெட்டாமல் ஆளுயரம் வளர்ந்து கிடக்கிறது. ஆகவே பறிப்பது அடுத்தவன் தோட்டத்தில். இலையைத் திருடுகிறவள் சிமிழை விட்டுவைப்பாளா? இப்படி அடுக்கிக்கொண்டே போனார். முகத்தில் அப்படி ஒரு திருப்தி. எனக்கு அருவருப்பாக இருந்தது.

“வாழைப்பூக் கறைங்க சார். காலைல அம்மாதான் ஆயச் சொன்னாங்க” என்றார் அக்கா.

அம்மாவும் ஆமென்றாள். தன் விரல் கறுத்துவிடும் என்றுதான் அந்த வேலையை அக்காவிடம் தள்ளியிருந்தாள்.

அப்பா சிரித்தார். “வாழைப்பூக் கறை இருந்தா, அதுக்கு அடியில தேயிலைக் கறை இல்லைன்னு ஆயிருமா?”

முதலில் வீட்டைத் தேடிப் பார்க்கலாமே என்றேன். காலேஜ் படிக்கிற பெண் இப்படி உணர்ச்சிவசப்படலாமா என்று கேட்டார். அம்மா உள்ளே போய்விட்டாள். நாளையிலிருந்து வர வேண்டாம் என்றார் அப்பா. அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

அன்று மாலையே அப்பா வாக்கிங் போகிற சாக்கில் வரிசை வீடுகளுக்கெல்லாம் விஷயத்தைச் சொல்லிவிட்டு வந்தார். சிமிழ் கடைசிவரை கிடைக்கவில்லை. அக்கா எடுக்கவில்லை என்று என்னாலும் நிரூபிக்க முடியாது. ஆனால் எடுத்தார் என்பதற்கு அப்பாவின் வாயைத் தவிர வேறு சாட்சி இல்லை. அக்கா ஒவ்வொரு வீடாக ஏறி வேலை கேட்டுப் பார்த்தார். யாரும் சேர்த்துக்கொள்ளவில்லை. பிள்ளைகளின் படிப்பை நிறுத்திவிட்டு மலையை விட்டே இறங்கிவிட்டார் என்று பால்காரர் வந்து சொன்னார்.

அப்பா காபியை உறிஞ்சியபடி அம்மாவைப் பார்த்தார். “பாத்தியா, இத்தன ஊட்டுல ஒருத்தர்கூட அவளைச் சேத்துக்கல. அத்தன பேருமா தப்பா நெனப்பாங்க?”

“அதுவும் சரிதானுங்க” என்றாள் அம்மா.