நான் நீக்கிய இன்டெக்ஸ்

பெங்களூரில் ஒரு மருத்துவமனையின் கணினிப் பதிவுகளைப் பார்த்துக்கொள்வது என் வேலை. புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு போல, நோயாளியைச் சட்டென்று தேட இன்டெக்ஸ்கள் உண்டு. ஒவ்வொன்றும் புதிய பதிவைக் கொஞ்சம் தாமதப்படுத்தும். போன் எண்ணை வைத்துத் தேடுபவர்கள் வாரத்துக்கு நாலைந்து பேர்தானே என்று, அந்த இன்டெக்ஸை நீக்கினேன்.

மறுநாள் மதியம், பதிவு வரிசை வேகமாக நகர்வதைப் பெருமையோடு பார்க்கப் போனேன். வேலையிடத்தில் மயங்கி விழுந்த கணவரைத் தேடி ஈஜிபுராவிலிருந்து ஒரு பெண் ஓடிவந்திருந்தார். கையில் கணவருக்கு ஒரு மாற்றுச் சட்டை.

"எந்த வார்டுன்னு மட்டும் சொல்லும்மா."

"குமார்னு போட்டா நூறு பேர் வர்றாங்கக்கா. போன் நம்பர் போட்டா சுத்திக்கிட்டே இருக்கு. சொல்ப இருங்க, கொஞ்சம் பொறுங்க," என்றாள் கவுன்டர் பெண்.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. ஆனாலும் தூணோரம் பேசாமல் நின்றேன்.

அரை மணி நேரம் கழித்துத்தான் வார்டு தெரிந்தது. அந்தப் பெண் மாடியேறிப் போனபோது, குமார் இறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.

அன்று மாலையே அந்த இன்டெக்ஸைத் திரும்பச் சேர்த்தேன். நான்கு நிமிடம்கூட ஆகவில்லை. தூணோரம் நின்றபோதே என் பிரிவுக்கு ஒரு போன் செய்து சேர்க்கச் சொல்லியிருக்கலாம். நீக்கியது நான்தான் என்று தெரிந்துவிடுமே என்று பயந்தேன்.