பானி சுவர்

கடலில் காற்றாலை வரலாமா கூடாதா என்று நானும் என் வீட்டுக்காரரும் போட்ட சண்டை கொஞ்சநஞ்சமல்ல. இந்தத் தீவில், டாலிகஞ்சில், எங்கள் பக்கத்து வீட்டில் இருப்பது ஒரு வங்காளிக் குடும்பம். அந்தச் சண்டை இன்னும் கொஞ்ச நாள் நீடித்திருந்தால் அவர்களுக்கு நல்ல தமிழே வந்திருக்கும்.

நான் வேண்டும் என்ற கட்சி. இந்தத் தீவில் கரண்ட் என்றால் கப்பலில் வரும் டீசல்தான். கப்பல் தாமதமானாலும் ஜெனரேட்டர் மக்கர் பண்ணினாலும் ஊர் இருட்டாகிவிடும். நான் பத்துப் பேருக்கு, ஐம்பது பேருக்கு என்று சமையல் எடுத்துச் செய்பவள். ஃப்ரிட்ஜில் வைத்த மீன் நாறிப்போவதை எத்தனை தடவைதான் பார்ப்பது? அவர் படகு ஓட்டுபவர். "குடாவுல அத்தனை பெரிய சம்மட்டியை வச்சு அடிச்சா, அங்க மேயுற ஜீவனெல்லாம் எங்கடி போகும்?" என்பார். "உங்களுக்கு என்னைவிடக் கடல்பசு பெருசாப் போச்சு" என்பேன். இல்லை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. எனக்குக் கோபமே அதுதான்.

கடைசியில், சோதனைக்காக ஒரே ஒரு மிதக்கும் காற்றாலை என்று முடிவானது. அதைக் கட்டிப்போடக் கடலடியில் இரும்புத் தூண்களை அடித்து இறக்க வேண்டும். அந்தச் சத்தம் தண்ணீருக்குள் வெகுதூரம் போகும், கடல் உயிர்களை அது செவிடாக்கிவிடும் என்றார்கள். அதனால் ஒரு நிபந்தனை போட்டார்கள். கடல்பசு, டால்பின், ஆமை எது கண்ணில் பட்டாலும் அடிப்பதை அந்த நிமிஷமே நிறுத்த வேண்டும். பார்த்துச் சொல்வதற்கென்று தனியாகப் படகு. அந்த வேலைக்கு என் வீட்டுக்காரரே போனார்.

"வேண்டாம்னு குதிச்சவரு இப்ப எப்படிப் போறீங்க?" என்று கேட்டேன்.

"அடிக்கிறதுன்னு முடிவாயிருச்சு. கண்ணு வச்சுப் பார்க்க ஒரு ஆளு வேணாமா?" என்றார்.

கரையில் கொட்டகை போட்டு அத்தனை பேருக்கும் சமைக்கிற வேலை எனக்கு வந்தது. ஆளுங்கட்சியும் எதிர்க்கட்சியும் ஒரே ஜீப்பில் ஏறிப் போய்வந்தோம்.

கரையிலிருந்து வேலையை மேற்பார்த்தவர் திருநெல்வேலிப் பக்கத்து இளம் இன்ஜினியர் ஒருவர். மெயின்லேண்டிலிருந்து வந்து அதிக நாள் ஆகவில்லை. சுட்டுப்போட்டாலும் இந்தி வராது. வந்த ஒரே வார்த்தை 'பானி'. அந்த வெயிலில் தண்ணீர் கேட்காமல் யாரால் இருக்க முடியும்? என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அன்று அபர்டீன் பஜாரில் காய் வாங்கிக்கொண்டு போய் அடுப்பு மூட்டியிருந்தேன். குழம்பு கொதி வந்துவிட்டது. கடலிலிருந்து சம்மட்டிச் சத்தம் ணங் ணங்கென்று வந்துகொண்டிருந்தது. திடீரென்று இன்ஜினியர் வாக்கி-டாக்கியில் அலறினார். "ஸ்டாப்! ஸ்டாப்! நிறுத்துங்க!"

சத்தம் நின்றது. அவர் எங்கள் பக்கம் திரும்பினார். முகத்தில் ரத்தமே இல்லை.

"தண்ணிச் சுவர் வருதாம்! படகுல இருந்து சொல்லுதாங்க. எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க!"

வேறு ஊராக இருந்தால் என்ன சுவர், எங்கே வருகிறது என்று கேட்டிருப்பார்கள். இந்தத் தீவில் யாரும் கேட்க மாட்டோம். சுனாமி வந்த அன்று காலையில் நான் மரைன் ஹில்லில் என் அம்மா வீட்டு வாசலில் நின்று, கீழே கடல் ரோட்டுக்கு ஏறியதைப் பார்த்தவள். இப்போது நிலம் ஆடவே இல்லையே என்பது பிறகுதான் உறைத்தது. அந்த நேரத்தில் மூளை எங்கே வேலை செய்தது? கொட்டகையில் இருந்தவர்கள் தெலுங்கிலும் வங்காளத்திலும் சாமியைக் கூப்பிட்டுக்கொண்டு தென்னந்தோப்பு மேட்டில் ஏறினார்கள். "பாகோ, பாகோ!" என்று ஒருவர் என்னையும் ஓடச் சொல்லிக் கத்தினார்.

நான் கடலைப் பார்த்துப் போனேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. என் வீட்டுக்காரர் அங்கே ஒரு சின்னப் படகில் இருந்தார். அது ஒன்றுதான் எனக்குத் தெரிந்தது.

இன்ஜினியரும் ஓடவில்லை. அதைச் சொல்லியாக வேண்டும். பின்னாலேயே வந்து என் கையைப் பிடித்து இழுத்தார். "அக்கா, வாங்கக்கா! அண்ணன் ஆழத்துல இருக்காக, தப்பிச்சிருவாக. நாம மேல ஏறிருவோம்."

நான் அவர் கையிலிருந்த வாக்கி-டாக்கியைப் பிடுங்கினேன்.

"என்னங்க! தண்ணி எவ்வளவு தூரத்துல வருது? சொல்லுங்க!"

கரகரவென்று இரைச்சல். பிறகு அவர் குரல் வந்தது, தூங்குகிற குழந்தைக்குப் பக்கத்தில் பேசுவதுபோல அவ்வளவு மெதுவாக.

"தண்ணியா? என்னடி உளர்ற? பானி சுவர்னு சொன்னேன். தாயும் குட்டியும். ரெண்டும் புல்லு மேயுதுங்க. கத்தித் தொலைக்காத."

இந்தியில் சுவர் என்றால் பன்றி. இங்கே படகுக்காரர்கள் கடல்பசுவுக்கு வைத்திருக்கும் பெயர் தண்ணீர்ப் பன்றி. வீட்டில் தமிழ் பேசும்போது பசுவாக இருப்பது, படகில் ஏறி இந்தி பேசினால் பன்றியாகிவிடும். வாக்கி-டாக்கியில் ஆங்கிலத்தில் 'டூகாங்' என்றுதான் சொல்ல வேண்டும் என்று எல்லோரையும் பழக்கியிருந்தார்கள். குட்டியைக் கண்ட சந்தோஷத்தில் இவருக்குப் படகுப் பேச்சு வந்துவிட்டது. இன்ஜினியரோ தனக்குத் தெரிந்த ஒரே இந்தி வார்த்தையோடு சொந்தத் தமிழைச் சேர்த்து ஒரு சுனாமியையே எழுப்பிவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. உயிர் திரும்பி வந்ததுபோல் இருந்தது என்று சொல்வார்களே, அப்படித்தான் இருந்தது. விஷயத்தைச் சொன்னதும் இன்ஜினியர் மணலில் பொத்தென்று உட்கார்ந்தார். "பன்னியாக்கா? பன்னிக்கா இம்புட்டு ஓட்டம்?" மேட்டைப் பார்த்து நான் இந்தியில் கத்தினேன். முதலில் அங்கே ஒருவர் சிரித்தார். அப்புறம் மேடு முழுவதும் சிரித்தது.

சிலர் அவரைக் கேலி செய்தார்கள். நான் விடவில்லை. கடல்பசு என்று சரியாகவே புரிந்திருந்தால், எங்கே, எவ்வளவு தூரம் என்று ஒருவரையொருவர் கேட்டு முடிப்பதற்குள் இன்னும் நாலு அடி விழுந்திருக்கும். அன்று அவர் பயந்த பயத்தில் அதற்கப்புறம் ஓர் அடிகூட விழவில்லை. சாப்பாட்டில் அவருக்கு மட்டும் ரெண்டு மீன் துண்டு கூடுதலாக வைத்தேன்.

பிற்பாடு கடல் உயிர் ஆராய்ச்சி செய்யும் அம்மா ஒருவர் வந்து, கடலுக்கடியில் அந்தப் புல் எதுவரை இருக்கிறது என்று பார்த்தார். மிச்சத் தூண்களைப் புல்லை விட்டு விலக்கி, வெறும் மணல் பக்கமாகத் தள்ளி அடித்தார்கள். வேலை இழுத்துக்கொண்டே போனது, நானும் முணுமுணுத்தேன். இப்போது காற்றாலை சுற்றுகிறது. தாயும் குட்டியும் மேய வருகின்றன என்று என் வீட்டுக்காரர் சொல்கிறார். எங்கள் வீட்டில் சண்டை போட வேறு விஷயம் தேட வேண்டியிருக்கிறது.

ஆனால் அதெல்லாம் பிற்பாடு. அன்று, பார்க்கிற வேலையை இன்னொரு படகிடம் விட்டுவிட்டு அவர் கரைக்கு வந்தார். அதற்குள் கதை முழுவதும் அவர் காதுக்குப் போயிருந்தது. சிரித்துக்கொண்டேதான் இறங்கினார்.

"எல்லாரும் மேட்டுக்கு ஓடினாங்களாமே. நீ மட்டும் ஏன் ஓடல?"

"நானும் ஓடிட்டா குழம்பை யாரு பார்க்கிறது? அடிப்பிடிச்சிராதா?" என்றேன்.

"அதுவும் சரிதான்" என்றவர், என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். அடுப்பு இருந்தது தூரத்தில், கொட்டகையில். என் சேலை இடுப்புவரை கடல்தண்ணீரில் நனைந்து சொட்டிக்கொண்டிருந்தது.

அவர் சிரிப்பு நின்றுவிட்டது. அத்தனை பேர் பார்த்துக்கொண்டிருக்க, என் காலடியில் குனிந்து உட்கார்ந்து, சேலையின் ஓரத்தைப் பிடித்துக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிழிந்துவிட ஆரம்பித்தார்.