கிளப்பில் ஒரு மதியச் சாப்பாடு

அந்தத் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி பேசும்போதெல்லாம் பேனா மூடியைத் திறந்து திறந்து மூடுவார். அவரிடம் கணக்கு எழுதிய நான், வேறு ஆபீசுக்குப் போவதாகச் சொன்னதும் கோபப்படவில்லை. கோவில்பட்டியில் தான் உறுப்பினராக இருந்த கிளப்புக்குச் சாப்பிட அழைத்துப் போனார். தன் கையாலேயே கறி பரிமாறினார். “இந்தா வாரேன்” என்று எழுந்து போனவரை, நான் சாப்பிட்டு முடித்தும் காணவில்லை.

பரிமாறுபவரிடம் நான் பணத்தை நீட்டினேன்.

“விருந்தாளிகிட்ட காசு வாங்கக் கூடாது சார். அண்ணாச்சி வந்து பில்லுல கையெழுத்துப் போடுத வரைக்கும் இருங்க” என்றார்.

சீட்டாட வந்தவர்கள் எச்சில் இலை முன் உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

விளக்குப் போடும் நேரத்தில் முதலாளி வந்தார். கையெழுத்திட்டுப் பேனாவை மூடினார்.

“நான் கையெழுத்துப் போடலேன்னா உம்மால எந்திரிக்கக்கூட முடியல, பாத்தீரா?”

மறுநாள் காலையில் அவர் ஆபீசுக்கேதான் போனேன். ஏனென்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.