நபீஸா மாற்றிய மதர்போர்ட்

முல்லைத்தீவில் கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருப்பவள் நபீஸா. ஐந்து வயதில் குடும்பத்தோடு ஊரைவிட்டு வெளியேறி, புத்தளத்து முகாமில் வளர்ந்து, அங்கேயே இந்த வேலையைப் பழகி, யுத்தம் முடிந்தபின் திரும்பி வந்தவள். யார் அவசரப்படுத்தினாலும் அவள் கை தன் வேகத்தில்தான் ஓடும்.

அந்தச் செவ்வாய் காலை எட்டரைக்குப் பள்ளிவாசல் அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும், அவள் அண்ணன் முறையில் 'காக்கா' என்றழைக்கும் கலந்தர், கொம்பியூட்டரை மார்போடு அணைத்தபடி ஓட்டோவிலிருந்து இறங்கினார். முந்தின நாள் இடியோடு அது அணைந்துபோயிருந்தது.

"ரெண்டு மணிக்குக் காணி விசாரணை, தங்கச்சி. நாப்பத்தொரு குடும்பத்திட பத்திரமும் ஸ்கேன் பண்ணி இதுக்குள்ளதான் கிடக்கு. அதைக் காட்டினாத்தான் காணி திரும்பக் கிடைக்கும்."

திறந்து பார்த்தாள். மதர்போர்ட் கருகியிருந்தது, ஹாட்டிஸ்க் தப்பியிருந்தது. ஆனால் பத்திரங்களைத் திறக்கும் புரோகிராமை எழுதியவர் இறந்து நான்கு வருடம். அதன் சீடி எவரிடமும் இல்லை. விண்டோஸைப் புதிதாகப் போட்டால் புரோகிராம் போய்விடும். இருக்கிறதை அப்படியே வேறு மதர்போர்டில் எழுப்பவேண்டும்.

"உடன வேற போர்டில கொழுவிப் பாருங்கோவன்" என்றார் கலந்தர்.

"முதல்ல டிஸ்க்கை வேற டிஸ்க்கில கொப்பி எடுக்கோணும், காக்கா. பிழைச்சாலும் அசல் தப்பும். ரெண்டரை மணித்தியாலம் போகும்."

"நேரமில்லையெண்டு சொல்லுறன், நீங்க கொப்பியெண்டு நிக்கிறீங்க!"

அவள் கொப்பி எடுக்க வயரைக் கொழுவினாள். நாற்பத்தொன்றில் ஒன்று அவளுடைய வாப்பாவின் காணி. கலந்தருக்கும் அது தெரியும். அவர் கதிரையில் உட்கார்ந்தார்.

பதினொன்றேகாலுக்குக் கொப்பி முடிந்தது. கடையில் கிடந்த மதர்போர்டில் அதைக் கொழுவினாள். விண்டோஸ் தலைகாட்டிய மறுகணமே திரை நீலமாகி அணைந்தது. மறுபடியும் அதே நீலம். விண்டோஸ் தன்னைத் தானே திருத்தும் வசதியை ஓடவிட்டாள். அது கொப்பியை எழும்பவே விடாமல் கெடுத்துவிட்டது.

அப்போது பன்னிரண்டரை. டிஸ்க்கோடு பழைய போர்ட் பேசிய முறை வேறு, இந்தப் போர்ட் பேசும் முறை வேறு என்று அவளுக்கு அப்போதுதான் பிடிபட்டது. போர்டின் செற்றிங்கில் பழைய முறையைத் தெரிவுசெய்தாள்.

"கொப்பி போச்சு, காக்கா. இன்னொண்டு எடுக்க நேரமில்லை. இனி அசலைத்தான் கொழுவோணும்."

கலந்தர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டார். "உங்கட வாப்பாட காணியும் அதுக்குள்ள. நீங்களே முடிவெடுங்கோ."

அவள் அசலைக் கொழுவி எழுப்பினாள். திரை கறுத்து நின்றது. ஒரு நிமிடம். இரண்டு. பிறகு பள்ளிவாசல் படம் போட்ட பழைய முகப்பு விரிந்தது.

"அல்ஹம்துலில்லாஹ்!" என்றார் கலந்தர். ஆனால் மவுஸ் அசையவில்லை, கீபோர்ட்டும் வேலை செய்யவில்லை. புதிய போர்டின் யூஎஸ்பி துளைகளைப் பழைய விண்டோஸுக்கு அடையாளம் தெரியவில்லை. நபீஸா அலுமாரியைக் கிளறி, எந்த விண்டோஸுக்கும் தெரிந்த வட்ட முனை வைத்த பழங்காலக் கீபோர்ட் ஒன்றைத் தேடியெடுத்து, கொம்பியூட்டரை அணைத்துக் கொழுவி மறுபடி எழுப்பினாள். எழுத்து விழுந்தது. மவுஸ் இல்லாமல், விசைகளாலேயே புரோகிராமைத் திறந்து, அகல முனை வைத்த பழைய பிரிண்டருக்குப் பத்திரங்களை அனுப்பினாள்.

ஒன்றரைக்குக் கடைசிப் பத்திரம் அச்சாகி வந்தது. கலந்தர் சூட்டோடு அள்ளிக்கொண்டு ஓட்டோவில் ஏறினார்.

முப்பத்தெட்டு ஏற்றுக்கொள்ளப்பட்டதாகப் பின்னேரம் கலந்தரின் போன் வந்தது. மிச்ச மூன்றில் ஒன்றான வாப்பாவின் பத்திரத்தில் எல்லை எழுதிய மூலை மங்கலாம்; நில அளவையாளர் நேரில் வந்து பார்ப்பாராம்.

"எப்ப வருவார்?"

"வாற மாதம். நானும் கூட வாறன், தங்கச்சி."

"சரி, காக்கா" என்றவள், நாற்பத்தொரு பத்திரங்களையும் ஒவ்வொன்றாகத் திறந்து, எந்தக் கொம்பியூட்டரிலும் பார்க்கக்கூடிய சாதாரணப் படங்களாகச் சேமிக்கத் தொடங்கினாள்.