'பூட்டியாச்சு' என்று சொன்ன வரி

மூன்று வருடங்களுக்கு முன், கிளிநொச்சியில், சிறுபோகக் கூட்டத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது நடந்தது இது. இரணைமடுக் குளத்துத் தண்ணீரில் வயல் செய்யும் ஒரு கமக்காரர் அமைப்பில் நான் பதிவு வேலை செய்கிறேன். பதினோராம் ஆண்டு, ஓ.எல். வரைதான் படித்தவள். நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூசுவேன்.

சிறுபோகம் மழையில்லாத காலத்து விதைப்பு, குளத்துத் தண்ணீர் எல்லோருக்கும் போதாது. பட்டியலில் பெயர் இருந்தால்தான் விதைக்கலாம். அந்தப் பட்டியலில் பதினொரு குடும்பங்களைக் காணவில்லை. எல்லாம் வாய்க்காலின் கடைசியில் இருப்பவர்கள், மலையகத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து வந்து குடியேறியவர்கள். அவர்களில் ஒரு அம்மா வாசலில் நின்று கேட்டார்.

"எங்க பேரு மட்டும் எப்புடிங்க காணாமப் போகும்? கடைசி வாய்க்கா ஆளுகன்னு கம்பியூட்டருக்கும் தெரியுமா?"

அமைப்பின் செயலாளர் ஒரு கடிதத்தோடு என்னிடம் வந்தார். என் கவனக்குறைவால் பெயர்கள் அழிந்துவிட்டன என்று அதில் இருந்தது.

"அக்கா, இதில ஒரு கையெழுத்தை வையுங்கோ. பட்டியலை இனி மாத்தேலாது. அவையள அடுத்த வருசம் பாப்பம்."

எதைக் கேட்டாலும் 'ஓம்' என்று சம்மதித்துப் பழகிய கை, பேனாவை எடுத்தும்விட்டது. ஆனால் அந்தக் குடும்பங்கள் நிரப்பித் தந்த பதினொரு படிவங்களும், இழுத்துத் திறந்த என் மேசை லாச்சியில் இருந்தன. பதிந்து முடித்ததும் நான் போடும் சிவப்புச் சரி அடையாளம் ஒவ்வொன்றிலும் இருந்தது.

"நான் பதிஞ்சனான். கையெழுத்து வைக்க மாட்டன்" என்றேன். பேனாவைக் கீழே வைத்தேன்.

"அப்ப பேய் வந்து அழிச்சதோ?" என்று செயலாளர் வாசலில் நின்ற அம்மாவுக்கும் கேட்கச் சிரித்தார்.

அப்போதுதான் எனக்கு ஒன்று உறைத்தது. எங்களிடம் கணினி இரண்டு, பட்டியல் ஒரே கோப்பு. முன்பெல்லாம் ஒருவர் பதியும்போது மற்றவர் திறந்தால், 'பொறுக்கவும்' என்று திரையில் வரும். செயலாளருடைய கணினி பழசாகி இழுபட்டதால், பட்டியல் பதியும் கணினி நிரலை எழுதித் தந்த பொறியியலாளர் அதில் விண்டோஸை எடுத்துவிட்டு லினக்ஸ் போட்டார். அதன்பிறகு இரண்டிலும் 'பொறுக்கவும்' வரவேயில்லை. கரைச்சல் தீர்ந்தது என்று நான் சந்தோஷப்பட்டிருந்தேன். அந்த மடத்தனம் என்னுடையதுதான்.

அந்தப் பொறியியலாளரைக் கூப்பிடாமல் விடமாட்டேன் என்று நின்றேன். மறுநாள் காலை வந்தார்.

"நிரலில பூட்டு இருக்கு அக்கா. ஒராள் பதியேக்க மற்றாளால எழுதேலாது" என்றார்.

"அப்ப ரெண்டிலயும் திறந்து பாப்பம்" என்றேன் நான்.

அன்றைக்கும் வாசலில் வந்து நின்ற அந்த அம்மாவையும் உள்ளே கூப்பிட்டேன். செயலாளரும் நானும் ஒரே நேரத்தில் பட்டியலைத் திறந்தோம். நான் அம்மாவின் பெயரைப் பதிந்து சேமித்தேன். பிறகு செயலாளர் யாருடையதோ தொலைபேசி எண்ணைத் திருத்திச் சேமித்தார். மறுபடி திறந்தால், அம்மாவின் பெயர் இல்லை; செயலாளர் முன்பே திறந்து வைத்திருந்த பழைய பட்டியல் என் பதிவை அழித்துவிட்டது.

"அந்தப் பேயி இதுக்குள்ளதாங்க இருக்கு" என்று அம்மா செயலாளரின் கணினியைக் காட்டினார்.

பொறியியலாளர் நிரலைத் திறந்து பூட்டு இருக்க வேண்டிய இடத்தைத் தேடினார். விண்டோஸில் கோப்பைப் பூட்டும் கட்டளை லினக்ஸில் இல்லையாம். அதே வேலையைச் செய்யும் ஒன்றை அவரே சி மொழியில் எழுதியிருக்க வேண்டும். பிறகு எழுதலாம் என்று, அவசரத்துக்கு அந்த இடத்தில் ஒரு வரியை மட்டும் வைத்திருக்கிறார். அது எதையும் பூட்டாது. கேட்கும்போதெல்லாம் 'பூட்டியாச்சு' என்று மட்டும் பதில் சொல்லும். கடைசி வாய்க்கால் படிவங்கள் ஒன்றாக வந்ததால், பதினொன்றையும் நான் ஒரே இருப்பில், செயலாளரும் பட்டியலைத் திறந்து வைத்திருந்த நாளில் பதிந்திருந்தேன்.

"என்ர பிழைதான் அக்கா" என்றார்.

'மாத்தேலாது' என்ற பட்டியல் அன்றே மாறியது; செயலாளரின் கணினியை நிறுத்திவிட்டுப் பெயர்களை மறுபடி பதிந்தேன். கூட்டத்தில் பதினொரு பெயர்களும் வாசிக்கப்பட்டன. செயலாளர் அந்தக் கடிதத்தைத் திருப்பிக் கேட்டார். நான் கொடுக்கவில்லை. இன்னும் என் லாச்சியில் கையெழுத்தில்லாமல் கிடக்கிறது.

இன்றைக்கும் நான் கூச்சக்காரிதான். ஆனால் அந்த வரியை நினைக்கும்போதெல்லாம் என்னையே நினைத்துக்கொள்கிறேன். கேட்டதற்கெல்லாம் 'ஓம்' என்று சொல்லி நாற்பத்தாறு வயதுவரை நானும் அப்படித்தான் இருந்தேன், இனி இருக்க மாட்டேன்.