பார்டருக்கு அந்தாண்ட ஒரு ஸ்டாப்பிங்

என் நிலத்தில் நடவு நட வந்த ஆட்களை என் வாயாலேயே பிடித்துக் கொடுத்த புத்திசாலி நான்தான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் நான் ஊரின்மேலும் உலகத்தின்மேலும் கோபப்பட்டு எழுதும்போது, இவன் என்னவோ யோக்கியன்போலக் குதிக்கிறானே என்று நீங்கள் நினைக்கக் கூடாது. கோபப்படுகிறவர்கள் வரிசையில் கடைசியில் நிற்கவேண்டியவன் நான். ஆனால் பஸ்ஸில் வேலை பார்த்தவன். எந்த வரிசையானாலும் முன் படிக்கட்டு வழியாக ஏறித்தான் பழக்கம்.

கண்டக்டராக இருந்து ரிட்டயர் ஆனவன். செஞ்சியிலிருந்து அவலூர்பேட்டை போகிற டவுன் பஸ்ஸில் பாதி சர்வீசை விசில் ஊதியே தீர்த்தேன். ஏறுகிறவர் முகத்தைப் பார்த்ததும் இவர் எந்த ஊர், எந்த ஸ்டாப்பிங்கில் இறங்குவார் என்று சொல்லிவிடுவேன் என்பது என் பெருமை. ஒருமுறை அனந்தபுரம் ரூட்டில் போனபோது, தூங்கிக்கொண்டிருந்த ஒருவரை அனந்தபுரத்து முகம் என்று கணித்து, தட்டி எழுப்பி, பையைத் தூக்கிக் கையில் கொடுத்து, அனந்தபுரத்தில் இறக்கிவிட்டேன். அவர் எங்கள் டிக்கெட் செக்கிங் இன்ஸ்பெக்டர். மெமோ வந்தது. அப்போதாவது என் முக ஜோசியத்தை மூட்டை கட்டியிருக்கவேண்டும். நான் அந்தக் கதையையும் டீக்கடையில் சொல்லிச் சிரிப்பு வாங்கிக்கொண்டேன்.

ரிட்டயர் ஆன பிறகு சிங்கவரம் பக்கம் இருக்கிற ஒண்ணரை ஏக்கரில் நெல் வைக்கிறேன். நடவுக்கு ஆள் கிடைப்பதில்லை. முன்பு நட்ட பெண்கள் இப்போது காலையில் கம்பெனி வேனில் ஏறிப் போகிறார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை. குனிந்து நின்று இடுப்பு ஒடிந்தவர்களுக்கு ஃபேனுக்குக் கீழே உட்காருகிற வேலை கிடைத்தால் போகத்தான் செய்வார்கள். அந்த இடத்துக்குத்தான் மேற்கு வங்காளத்திலிருந்து ஆறு பேர் வருகிறார்கள். நாலு வருடமாக, நடவு சமயம் பார்த்து வருவார்கள். என் மோட்டார் கொட்டகையில் தங்கிக்கொண்டு, சிங்கவரத்து நிலங்களை ஒவ்வொன்றாக நட்டு முடித்துவிட்டுப் போவார்கள். ஏக்கருக்கு இவ்வளவு என்று பேசிவிட்டால் போதும், காலையில் குனிந்தவர்கள் சாயங்காலம்தான் நிமிர்வார்கள். அவர்களில் மூத்தவனை நாங்கள் மேஸ்திரி என்போம். அவன் மட்டும் தமிழ் பேசுவான். நிலத்தில் கற்ற தமிழ். நாத்து, தண்ணி, கூலி, டீ, அண்ணா. இவற்றை வைத்துக்கொண்டே முழுக் குடும்பக் கதையையும் சொல்லிவிடுவான்.

அவன் சொன்ன கதைகளில் ஒன்று எனக்குப் பிடிக்காதது. அவனுடைய பக்கத்து ஊர்க்காரன் ஒருவன் எங்கோ வடக்கே கட்டட வேலைக்குப் போயிருந்தான். பேசுகிற வங்காள பாஷையை வைத்து, பக்கத்து நாட்டுக்காரன் என்று அவனைப் பிடித்து, வண்டியில் ஏற்றி, பார்டரில் கொண்டுபோய் அந்தப் பக்கம் தள்ளிவிட்டார்களாம். சட்டைப் பையில் அடையாள அட்டை இருந்ததாம். அந்தப் பக்கத்து வயலிலிருந்து வீட்டுக்குப் போன் பண்ணி அழுதானாம். இதைச் சொல்லும்போது மேஸ்திரி குரலை இறக்கிக்கொண்டான். நான் அவன் தோளில் தட்டி, "இங்க அதெல்லாம் நடக்காதுப்பா, இது செஞ்சி" என்றேன். எந்த தைரியத்தில் சொன்னேன் என்று இன்றுவரை தெரியவில்லை.

கூட்ரோடு டீக்கடையில் ஒரு சாயங்காலம். உரக்கடைக்காரர் போனில் எதையோ பார்த்துக்கொண்டிருந்தார். நாட்டைப் பற்றிய கவலையெல்லாம் அவருக்குப் போனில்தான் வரும். வந்ததும் உடனே பத்துப் பேருக்கு அனுப்பிவிட்டு நிம்மதியாவார்.

"இன்னாண்ணா, ஊரு பூரா ஊடுருவல்காரனுங்களாம். உன் கொட்டாயில கீறானுங்களே, அவனுங்க எந்த ஊரு? நீதான் மூஞ்ச பாத்தே சொல்றவனாச்சே."

நான் டீயை ஒரு வாய் உறிஞ்சினேன். தமாஷுக்கு முன்னால் டீ உறிஞ்சுவது என் தொழில் ரகசியம்.

"அவனுங்க ஏறுனது பார்டருக்கு அந்தாண்ட ஸ்டாப்பிங். டிக்கெட்டே எடுக்கல. நான்தான் பாவம் பாத்து வண்டில விட்டுட்டேன்."

கடையே சிரித்தது. ரிட்டயர் ஆனபிறகு இத்தனை பேரை ஒரே சமயத்தில் நான் சிரிக்கவைத்ததில்லை. வீடு போகிறவரை அந்தச் சிரிப்பு கண்டக்டர் பைபோல என் தோளில் தொங்கிக்கொண்டு வந்தது. உரக்கடைக்காரரும் சிரித்தார். சிரித்துவிட்டுப் போனை எடுத்துக்கொண்டு கடைக்கு வெளியே போனார். நான் அதையும் பார்த்தேன். நாட்டுக்காகப் பத்துப் பேருக்கு அனுப்பப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

மறுநாள் எனக்கு நடவு. முந்தின நாளே நாற்றைப் பறித்துக் கட்டி, சேற்றில் அங்கங்கே வீசிவிட்டார்கள். காலையில் டீ கேனோடு போனேன். நிலத்தில் யாரும் இல்லை. பாதி நிலம் நட்டிருந்தது. ஒரு வரிசை பாதியில் நின்றிருந்தது. அந்த இடத்தில் பிரித்துப் போட்ட நாற்றுக் கட்டு ஒன்று மிதந்தது. வரப்பின்மேல் ஆறு ஜோடி செருப்பு. பக்கத்து நிலத்தில் மாடு கட்டிக்கொண்டிருந்தவர் சொன்னார்: "வண்டி வந்துது. ஏத்திக்கினு போய்ட்டாங்க. கால கழுவிக்கறேன்னு கேட்டான் மேஸ்திரி. வுடல."

செருப்புகளைப் பொறுக்கிப் பழைய கண்டக்டர் பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். டீக்கடைச் செய்தி எனக்கு முன்னால் வந்து என் மனைவியிடம் உட்கார்ந்திருந்தது.

"முப்பது வருசம் சில்லறைய எண்ணி எண்ணிக் குடுத்த மனுசன். வார்த்தைய எண்ணிக் குடுக்கத் தெரியல" என்றாள்.

"தமாசுதான் பண்ணேன்."

"தமாசு பண்ண வாயாலேயே போய்க் கேளுங்க. நாத்து வேற பறிச்சிக் கெடக்குது."

அவர்களை ஒரு கல்யாண மண்டபத்தில் வைத்திருந்தார்கள். வைத்திருந்தவர்கள் எந்த ஆபீஸ்காரர்கள் என்று நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கு அவர்களைக் கேட்டபோதும் தெளிவாகச் சொல்லவில்லை. மேடையில் முந்தின முகூர்த்தத்தின் தெர்மகோல் எழுத்துகள் இன்னும் இருந்தன. 'நல்வரவு' என்ற வளைவுக்குக் கீழே, சேறு காய்ந்த காலோடு ஆறு பேரும் தரையில் உட்கார்ந்திருந்தார்கள். மாப்பிள்ளை பெண் உட்காருகிற சிங்கார நாற்காலி ஒன்றில், சாதாரணச் சட்டை போட்ட அதிகாரி ஒருவர் உட்கார்ந்திருந்தார். சிரிக்கவேண்டிய காட்சிதான். எனக்கு அன்றைக்குச் சிரிப்பு வரவில்லை.

"சார், இவங்க என் நெலத்துல நடவு நடறவங்க. நாலு வருசமா வர்றாங்க."

"தெரியுது."

"இன்னா தப்பு பண்ணாங்க?"

"தப்பு இன்னும் தெரியல. அதுக்குத்தான வெச்சிருக்கோம்."

"கார்டு காட்டுனாங்களா?"

"காட்டுனாங்க. எல்லாம் கரெக்டா இருக்குது. அதான் எனக்குச் சந்தேகம்" என்றார் அவர், உண்மையிலேயே கவலையோடு. "ஆறு பேரு கார்டுல ஒரு எழுத்துத் தப்பில்ல. நம்ம ஆளுங்க கார்டுல எதனா ஒண்ணு கோணலா இருக்குமா இருக்காதா?"

என் அட்டையை எடுத்து நீட்டினேன். அதன்படி நான் என் மனைவிக்கு மூன்று வயது இளையவன். போட்டோவில் இருப்பவர் என் பெரியப்பா என்றால் நம்பலாம்.

"இதுல கோணல் நெறைய இருக்குது சார். நான் எந்த நாடு?"

அவர் அட்டையை வாங்கவேயில்லை. "உங்களுக்கு எதுக்குப் பெரியவரே கார்டு? மூஞ்ச பாத்தாலே தெரியுதே."

எனக்கு எங்கோ சுருக்கென்றது. அதைக் கவனிக்காமல் இன்னும் குரலை உயர்த்தினேன். "இவங்க அந்த நாட்டுக்காரங்கன்னு எந்த மடையன் சார் சொன்னான்?"

அவர் போனைத் தேய்த்துப் பார்த்தார். "கண்டக்டர் ஒருத்தராம். மூஞ்ச பாத்தே ஊர சொல்லிடுவாராம்." பிறகு என் தோளில் தொங்கிய பையைப் பார்த்தார். "ஓ, நீங்கதானா அது."

மேஸ்திரி தலையை நிமிர்த்தினான். நாத்து, தண்ணி, கூலி, டீ மட்டும்தான் அவனுக்குப் புரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நாலு வருடத்தில் 'மடையன்' வரைக்கும் கற்றிருந்தான்.

தமாஷ் என்று சொன்னேன். டீக்கடை, சிரிப்பு, செக்கிங் இன்ஸ்பெக்டர் கதை எல்லாம் சொன்னேன். அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "இருக்கட்டும். சாயங்காலம் ஒரு வேன் வருது. ஏத்தி அனுப்பிடுவோம். மேல இருக்கறவங்க பாத்துப்பாங்க" என்றார்.

பையைத் திறந்து செருப்புகளை அவர்கள் முன்னால் ஜோடி ஜோடியாக வைத்தேன். மேஸ்திரி தன் செருப்பைத் தொடவில்லை. "வேன் எங்க போவும்ணா?" என்று மட்டும் கேட்டான்.

பக்கத்து ஊர்க்காரனின் கதையை எனக்குச் சொன்னவன் கேட்கிறான். எந்த வண்டி எங்கே போகும் என்று சொல்லியே சம்பளம் வாங்கியவன், காலிப் பையை மடித்துக்கொண்டு வாசலுக்கு நடந்தேன்.

வெளியே வந்தால் எதிரே கோட்டை. மண்டபத்து வாசலிலிருந்து ராஜகிரி மலை நன்றாகத் தெரியும். எனக்கு அதைப் பார்த்ததும் ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. எத்தனை பேர் பீரங்கி இழுத்துக்கொண்டு இந்த ஊருக்குள் வந்தார்கள். இந்தக் கோட்டையைப் பிடித்தார்கள், இழந்தார்கள், இடித்தார்கள், போனார்கள். அவர்களுக்கெல்லாம் பலகை வைத்து, பேர் எழுதி, டிக்கெட் போட்டுக் காட்டுகிறோம். எங்கள் சோற்றுக்கு நாற்று நட வந்தவன் சேற்றுக்காலோடு தரையில் உட்கார்ந்திருக்கிறான். நாட்டுக்கு ஆபத்து வெறும் காலோடு, என் மோட்டார் கொட்டகையில் உருளைக்கிழங்கு வேகவைத்துச் சாப்பிட்டுக்கொண்டா நாலு வருடம் காத்திருந்தது? அட்டை இல்லாவிட்டால் ஏன் இல்லை என்கிறார்கள். இருந்தால் எப்படி இருக்கிறது என்கிறார்கள். தப்பில்லாமல் இருந்தால் ஏன் தப்பில்லை என்கிறார்கள். இந்தக் கேள்விக்கு எந்த மனிதன் பாஸ் ஆவான்? எழுத்துத் தப்பும் இந்த மூஞ்சியும் இருப்பதால் நான் பாஸ். வேறென்ன தகுதி எனக்கு?

இப்படியெல்லாம் மனதுக்குள் மேடை போட்டுப் பேசிக்கொண்டே நேராக உரக்கடைக்குப் போனேன்.

"போன் பண்ணது நீதான?"

"நாட்டு விசயம்ணா" என்றார் உரக்கடைக்காரர், கண்ணைப் பார்க்காமல். "நாமதான் கொஞ்சம் பொறுத்துக்கணும். நீதான சொன்ன, பார்டருக்கு அந்தாண்டன்னு."

"சரி பொறுத்துக்கறேன். உன் நெலத்துக்கு நடவு எப்ப?"

"நாளைக்கி. காத்தாலேயே ஊட்டு ஆளுங்கள வெச்சி நாத்து பறிச்சாச்சு. ரெண்டரை ஏக்கரு. நாளைக்கி உங்க மேஸ்திரிதான் வந்து..." அதோடு நின்றுவிட்டார். பஸ் போன பிறகு ஸ்டாப்பிங்குக்கு ஓடிவருகிறவர்களின் முகத்தை ஆயிரம் முறை பார்த்திருக்கிறேன். அதுதான் அது.

"அந்த ஆளுங்களா இவனுங்க?" என்றார்.

"வேற எத்தினி கேங்குய்யா கீது இந்த ஊர்ல?"

சாயங்காலத்துக்கு முன்னால் மண்டபத்து வாசலில் ஒரு டிராக்டர் வந்து நின்றது. டிப்பர் நிறைய நாற்றுக் கட்டு, ஈரச் சாக்கு போட்டு மூடியிருந்தது. பின்னாலேயே சிங்கவரத்துக்காரர்கள் பைக்கில் வந்தார்கள். ஒருவர் விடாமல் எல்லாருக்கும் அந்த வாரம் நடவு. டீக்கடையில் என் தமாஷுக்குச் சிரித்தவர்கள் முக்கால்வாசிப் பேர் அதில் இருந்தார்கள். முன்னால் நின்று பேசியவர் உரக்கடைக்காரர்.

"தங்கமான பசங்க சார். நான் கேரண்டி."

"நீங்கதானய்யா போன் பண்ணீங்க?"

"பண்ணேன் சார். அது பொதுவா நாட்டுக்காகப் பண்ணது. இவனுங்கள சொல்லல."

அட்டையைப் பற்றி யாரும் பேசவில்லை. கேட்காமல் கொள்ளாமல் மனிதனை வண்டியில் ஏற்றுவது நியாயமா என்று யாரும் கேட்கவில்லை. நாற்று வாடுகிறது, நாற்று வாடுகிறது என்றுதான் எல்லா வாயிலிருந்தும் வந்தது. நானும் அதைத்தான் கத்தினேன். வாசலில் கிடந்த நாற்றுக்கு இருந்த மரியாதை உள்ளே உட்கார்ந்திருந்தவர்களுக்கு இல்லை.

அதிகாரி யாரோ ஒருவருக்குப் போன் செய்தார். இரண்டு முறை "ஆமா சார், வெவசாயிங்க சார்" என்றார். பிறகு வெளியே வந்தார்.

"சரி. நடவு முடியறவரைக்கும் இருக்கட்டும். முடிஞ்சதும் மறுபடியும் கொண்டாந்து காட்டணும்."

எல்லாரும் கும்பிட்டார்கள். எனக்கு மட்டும் கேள்விகள் வரிசை கட்டின. இவர்கள் நாட்டுக்கு ஆபத்தானவர்கள் என்றால் எப்படி விடுகிறாய்? ஆபத்தில்லை என்றால் எதற்குப் பிடித்தாய்? நடவு முடிகிறவரை பொறுத்துக்கொள்ளும் என்றால் அது எந்த ஊர் ஆபத்து? இதையெல்லாம் அவரிடம் கேட்டிருக்கவேண்டும். நானும் கும்பிட்டுவிட்டு வந்தேன்.

மறுநாள் விடிந்ததும் விட்ட வரிசையிலிருந்து ஆரம்பித்தார்கள். நாற்றின் நுனி கொஞ்சம் வெளுத்திருந்தது, பிழைத்துக்கொள்ளும். மற்ற ஐந்து பேரும் ஏதோ பேசிக்கொண்டே நட்டார்கள். வழக்கமாகச் சிரித்துச் சிரித்துப் பேசுவார்கள். அன்றைக்கு ரோட்டில் எந்த வண்டிச் சத்தம் கேட்டாலும் பேச்சு நின்றது. மேஸ்திரி வரப்பை ஒட்டி, எனக்குப் பக்கத்திலேயே குனிந்திருந்தான். நான் டீ கேனோடு நின்றேன்.

"நான் சொன்னது சும்மா தமாசுக்குப்பா. கடையில சிரிக்கறதுக்கு" என்றேன்.

அவன் ஒரு குத்து நட்டான். பின்னால் ஒரு எட்டு வைத்தான். இன்னொரு குத்து நட்டான்.

"திரும்பக் காட்டணும்னு சொன்னாங்களே, அன்னிக்கி நானே கூட வர்றேன். நீ ஒண்ணும் பயப்படாத. இங்கதான்னு இல்ல, எங்க வெச்சிப் பிடிச்சாலும் எனக்கு ஒரு போன் போடு. எப்ப கூப்பிட்டாலும் ஓடி வருவேன்."

நிமிராமலே சொன்னான்.

"நாத்து பறிச்சிருந்தா வருவீங்கண்ணா."