அணிலக்காவின் உள்ளங்கை

கடையில் மரம் அறுக்கும் மெஷினைக் கையில் கொடுத்ததும் அணிலக்கா அதைத் தலைகீழாகத் திருப்பித்தான் முதலில் பார்ப்பார். பளபளப்பான நிறமோ, பெட்டியில் அச்சடித்த புலியின் படமோ அவர் கண்ணில் படாது. பெட்ரோல் மூடி கையுறையோடு திறக்குமா, பிளேடு மூடியைக் கழற்றினால் நட்டு அதோடு ஒட்டி நிற்குமா, தனியாகக் கழன்று வருமா என்றுதான் பார்ப்பார். "மேல வச்சு நட்டு நழுவிச்சுன்னா, கீழ சருகுக்குள்ள தேடித் தேடியே பொழுது சாஞ்சுரும்" என்பார். பிறகு மேல்பிடியில் கை கொடுத்துத் தொங்கவிடுவார். மூக்கு கவிழ்ந்து தரையைப் பார்த்தால் அந்த மெஷின் அந்த நிமிடமே அலமாரிக்குத் திரும்பிவிடும்.

மரம் ஏறிக் கிளை அறுப்பது அவர் தொழில். வீட்டுக் கூரைமேல் சாய்ந்த கிளை, மின்கம்பியை உரசும் கிளை, புயலில் முறிந்தும் முறியாமலும் ஊசலாடும் கிளை எல்லாவற்றுக்கும் இவரைத்தான் கூப்பிடுகிறார்கள். அணில் என்ற பெயர் கொடியிடைக் காலத்தில் வந்தது. இப்போது இடுப்புப் பட்டையில் கடைசி ஓட்டைதான் மிச்சம். "அணிலு பெருச்சாளி ஆகி ரொம்ப நாளாச்சு, பேரை மாத்தணும்" என்று தங்கை சொல்வார். மரத்துக்கு மட்டும் அது இன்னும் தெரியாது. ஏறத் தொடங்கினால் அக்கா பழைய அணில்தான்.

மரத்தின் மேல் வைத்து அறுக்கும் ரம்பம் தனி ஜாதி. தரையில் அறுக்கும் ரம்பத்துக்குப் பிடி பின்னால் இருக்கும். இதற்கு இஸ்திரிப் பெட்டி மாதிரி பிடி தலைமேல் இருக்கும். சின்னது, குட்டை பிளேடு, கிளைகளுக்கு நடுவே இடுக்கில் நுழையும். "ஒரு கையிலயே பிடிச்சு அறுக்கலாம்க்கா" என்று கடைக்காரத் தம்பி ஒருமுறை பெருமையாகச் சொல்லி வாங்கிக் கட்டிக்கொண்டார்.

"அறுக்கலாம்னு தோணும் தம்பி. அதான் வில்லங்கம். இன்னொரு கை எங்க இருக்கும்? கிளையைப் பிடிச்சிட்டிருக்கும். பிளேடு துள்ளுச்சுன்னா நேரா அந்தக் கையைத்தான் தேடிப் போகும். எனக்கு ரெண்டு கையும் வேணும்."

எடை என்று பெட்டியில் போட்டிருக்கும் எண்ணையும் அவர் நம்பமாட்டார். "உங்க தராசுல அது பட்டினியா நிக்குது. என் இடுப்புல தொங்குறப்போ வயிறு முட்டக் குடிச்சிட்டுல்ல தொங்கும்? பெட்ரோல் ஊத்தி, பிளேடு மாட்டி நிறுத்துக் குடுங்க." அதோடும் விடமாட்டார். பின்பக்க வளையத்தில் கயிற்றைக் கோத்து, மெஷினை இடுப்பில் தொங்கவிட்டு, கடைக்கு நடுவிலேயே கால்களை அகட்டி நின்று இழுத்து ஸ்டார்ட் செய்து பார்ப்பார். மரத்தில் மெஷினைக் கீழே வைத்துக் காலால் மிதித்துக்கொள்ளத் தரை ஏது? முதல் இழுப்புக்கோ இரண்டாம் இழுப்புக்கோ உயிர் வராத மெஷினுக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் சொல்லும் அதே பதில்தான்: "வீட்டுக்குப் போய்ச் சொல்றோம்."

தங்கை கீழே நிற்பவர். கயிறு, பெட்ரோல், விழும் கிளை, வேடிக்கை பார்க்க வரும் கூட்டம், "அந்தக் கிளையையும் சேர்த்து எடுத்துருங்க" என்று ஓசியில் கேட்கும் வீட்டுக்காரர்கள் எல்லாம் அவர் பொறுப்பு. மேலே உள்ளவர் "கிளை வருது!" என்று கத்த வேண்டும். கீழே உள்ளவர் சுற்றிப் பார்த்துவிட்டு "வரட்டும்!" என்று கத்த வேண்டும். அதன் பிறகுதான் ரம்பத்தின் செயின் மரத்தைத் தொடலாம். தங்கைக்குக் கீச்சென்று நெடுந்தூரம் போகும் குரல். அந்த "வரட்டும்" கேட்டு அடுத்த தெரு நாய்கள் எழுந்து உட்காரும்.

ஆனால் அக்காவுக்கு அது கேட்பதில்லை.

ஆரம்ப காலத்தில் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு வேலை செய்தவர் அவர். காது மூடியெல்லாம் பிற்பாடு வந்தது. மெஷின் சத்தம் கொஞ்சம் கொஞ்சமாகக் காதைத் தின்றிருக்கிறது, அதுவும் கீச்சுக் குரல்களிலிருந்து தொடங்கி. கடைக்காரத் தம்பியின் கட்டைக் குரல் இன்றும் கேட்கும். தங்கையின் குரல்தான் முதலில் போனது. இதை அவர் காதும் காதும் வைத்தாற்போல் மறைத்து வைத்திருந்தார். "மெஷின் சத்தத்துல கேக்கலடி" என்ற ஒற்றை வாக்கியம் போதுமானதாக இருந்தது. மற்றதை உள்ளங்கை பார்த்துக்கொண்டது. இன்ஜின் சும்மா ஓடுகிறதா, மரத்தில் திணறுகிறதா, பெட்ரோல் தீரப் போகிறதா என்று பிடியின் அதிர்விலேயே தெரிந்துகொள்வார். தங்கை தலையாட்டுவதைப் பார்த்து வேலையைத் தொடங்குவார். இலை மறைத்தால், ஒரு "வரட்டும்" சொல்லும் நேரம் பொறுத்துவிட்டுத் தொடங்குவார்.

அவர் பயந்தது ஒன்றுக்குத்தான். தங்கையும் ஒரு காலத்தில் மரம் ஏறியவர், அக்காவைவிட வேகமாக. ஒருநாள் உச்சியில் தலை சுற்றிக் கிளையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். இறக்கிக் கொண்டுவந்த அக்கா தண்ணீர்கூடக் கொடுக்காமல் கையை நீட்டினார். "ஹெல்மெட்டைக் குடு. தலை சுத்துறவளுக்கு மரம் எதுக்கு?" தங்கை அழுதார், கெஞ்சினார், ஒரு வாரம் பேசாமல் இருந்தார். அக்கா மசியவில்லை. கண்ணோ காதோ கையோ, ஒன்று பழுதானாலும் தரைதான் என்பது அக்கா போட்ட சட்டம். அதே சட்டம் தன் பக்கம் திரும்பினால் வாயைத் திறக்க முடியாது என்பது அவருக்குத் தெரியும்.

இந்த நிலையில்தான் மருத்துவமனை வேலை வந்தது. வளாகத்தில் பெரிய மரங்கள், ஆண்டு முழுக்க வேலை. ஒரே நிபந்தனை, நோயாளிகள் இருக்கும் இடம் என்பதால் பெட்ரோல் மெஷின் கூடாது, பேட்டரிதான். தங்கைக்குத் தலைகால் புரியவில்லை. "புகை இல்ல, இழுத்து ஸ்டார்ட் பண்ற வேலை இல்ல. இனிமே நாம கத்தவே வேணாம்க்கா, பேசிக்கிட்டே அறுக்கலாம்!" அக்கா குறை தேடத் தொடங்கினார். பேட்டரி சீக்கிரம் தீரும் என்றார், மழைக்கு ஆகாது என்றார், பிடி வழுக்குகிறது என்றார். கடைக்காரர் ஒவ்வொன்றுக்கும் பதில் வைத்திருந்தார். போதாததற்கு, ஒருநாள் ஓட்டிப் பாருங்கள் என்று மெஷினையே இரவல் கொடுத்துவிட்டார்.

மருத்துவமனை மரமொன்றில் ஏறி, கிளை பிரியும் கவையில் உட்கார்ந்து பட்டையை இறுக்கிக்கொண்டார் அக்கா. மெஷின் கையில் கச்சிதமாக நின்றது, குறை சொல்ல முடியவில்லை. ஆனால் விசையை அழுத்தும்வரை அதில் உயிர் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பிடித்தால் கல்லைப் பிடித்த மாதிரி இருந்தது. உள்ளங்கைக்குச் சொல்ல அதனிடம் ஒன்றும் இல்லை. சத்தம் இல்லாததால் அக்காவிடம் சாக்கும் இல்லை.

"கிளை வருது!" என்று கத்தினார். கீழே இலைகள் மறைத்தன. ஒரு "வரட்டும்" நேரம் பொறுத்தார். செயினை மரத்தில் வைத்தார். பாதிவரை இறங்கியது.

இடுப்பை யாரோ வெடுக்கென்று இழுத்தார்கள். சாமான்களை மேலே ஏற்றுவதற்காகப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டிருக்கும் கயிறு அது. விசையிலிருந்து விரல் தானாக விலகியது. குனிந்து இலையை ஒதுக்கிப் பார்த்தார். ஆட்கள் வராமல் கட்டியிருந்த ரிப்பனைத் தாண்டி வந்த ஒரு மனிதர், நேர் கீழே, தன் சைக்கிள் பூட்டை நிதானமாகத் திறந்துகொண்டிருந்தார். பக்கத்தில் தங்கை ஒரு கையில் அந்தக் கயிற்றோடு, வாயை முழுக்கத் திறந்து, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தார். மாடி ஜன்னல்களிலிருந்து நோயாளிகள் எட்டிப் பார்த்தார்கள். ஊருக்கே கேட்ட அந்தக் கத்தலில் ஓர் எழுத்துகூட அக்காவுக்கு வந்து சேரவில்லை.

சைக்கிள் போனது. அக்கா கொஞ்ச நேரம் கவையிலேயே உட்கார்ந்திருந்தார். அந்தக் கயிறு எப்போதும் கீழே வாளிக்குள் சும்மா கிடக்கும். இன்று அது எப்படித் தங்கையின் கையில் இருந்தது என்று யோசித்தார்.

யாரும் கூப்பிடாமலே இறங்கினார். ஹெல்மெட்டைக் கழற்றித் தங்கையிடம் நீட்டினார். தங்கை அதை வாங்கவில்லை. பிளாஸ்க்கைத் திறந்து தேநீரை ஊற்றிக் கொடுத்துவிட்டு, நேர் எதிரே வந்து நின்று, வாயசைவு தெரியும்படி நிறுத்தி நிறுத்திப் பேசினார். "முதல்ல குடி."

"எப்பத்திலேர்ந்து தெரியும்டி?"

"போன மழைக்காலத்திலேர்ந்து. நீ வைக்கிற டிவி சத்தத்துல பக்கத்து வீட்டுக்காரங்க வேற வீடு பாத்துட்டாங்க. எனக்குத் தெரியாதா?"

"அப்பவே ஏண்டி இறக்கல?"

தங்கை பிளாஸ்க்கை மூடினார். அவருடைய வலது உள்ளங்கையில் குறுக்கே கயிறு அழுத்திய தடம் இருந்தது. ஒருநாளில் விழுந்த தடமாக அது தெரியவில்லை. அக்கா அதையே பார்த்துக்கொண்டு தேநீரைக் குடித்தார். கண் கலங்கியது. தேநீர் சூடு என்றார்.

"மெஷின் எப்படி?" என்றார் தங்கை.

"பேலன்ஸ் நல்லாருக்கு. துள்ளல. ஆனா ஊமைடி."

"ஊமைக்கும் செவிடுக்கும் பொருத்தம்தான். நாளைக்குக் காது டாக்டரைப் பாக்குறோம், அவர் என்ன சொல்றாரோ அதுதான். இன்னிக்கு அந்தப் பாதிக் கிளையை அப்படியே விட முடியாது. ஏறு."

அக்கா ஹெல்மெட்டை மறுபடி மாட்டிக்கொண்டு ஏறினார். கவையில் உட்கார்ந்து பட்டையை இறுக்கினார். மெஷினை இரண்டு கையாலும் பிடித்தார்.

"கிளை வருது!"

கீழே தங்கை கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு, இடமும் வலமும் பார்த்தார். பிறகு பிறந்ததிலிருந்து மூடியறியாத அந்த வாயை இறுக மூடிக்கொண்டு, கயிற்றை மெல்ல இரண்டு முறை இழுத்தார்.